உன் பக்கத்து பெல்ட்

அன்புள்ளவனே,

கார் சாவியைத் தேடாதே. அதை நான் வேலைக்கு எடுத்துப் போகிறேன்.

நேற்று நார்விச்சில் அந்தக் குட்டி ஸ்போர்ட்ஸ் காரை வாங்கும்போது, குனிந்து கதவோரப் பெயின்டைத் தடவிப் பார்த்தேன். விற்ற ரூபர்ட் சிரித்தான். "என்னம்மா, வண்டி பாக்க வந்தியா, கலர் பாக்க வந்தியா?"

"அவ கார் பெயின்ட் அடிக்கிற ஷாப்ல வேல பாக்குறா சார், விடுங்க" என்று நீயும் சிரித்தாய். அந்த 'சார்' என்னைச் சுட்டது. பெயின்டைத் தடவிய கையை எடுத்துக்கொண்டேன். பெரிய வீட்டுக்காரன் முன்னால் நாம் இருவருமே இப்படித்தான் சுருங்கிப்போகிறோம்.

இன்று காலை தனியாகப் போய் வண்டியைப் பார்த்தேன். இடப்பக்க பெல்ட்டில் தைத்த லேபிளில் 2004 என்று இருக்கிறது. அது வண்டி செய்த வருடம். நீ உட்காரும் பக்கம் 2021. மோதலில் இழுபட்ட பெல்ட்டைத்தான் அப்படி மாற்றுவார்கள். "ஒரு கீறல்கூட பட்டதில்ல" என்றானே அவன்!

ஞாயிறன்று நீ அதை ஓட்டப்போகும் பந்தயத் தடத்தில், என்ன நடந்தாலும் யார் மீதும் பழியில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உன்னை உள்ளே விடுவார்கள். முதலில் யாராவது வண்டியின் அடிச்சட்டம் வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கட்டும். அதுவரை என்னைத் திட்டிக்கொண்டிரு.

அந்த இருக்கையில் உனக்கு முன் இருந்தவன் என்ன ஆனான் என்று மட்டும் ரூபர்ட்டிடம் கேட்டுச் சொல். 'சார்' போடாமல் கேள்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் உன்னோடு சண்டை போட விரும்புகிறவள்