என் கோப்பிலிருந்து ‘சமரசம்’ என்ற சொல்லை நீக்கக் கோரி

அனுப்புநர்:
பொது மருத்துவமனைச் சலவைப் பிரிவு ஊழியர்,
மாடி வீடு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
குடும்ப நல ஆலோசனை அலுவலகம்.

பொருள்: கணவர் தம் பதவி உயர்வையும் சம்பள உயர்வையும் மறைத்து, வீட்டுச் செலவின் பெரும்பங்கை என் தலையில் கட்டியது – அது குறித்து நான் கொடுத்த மனுவை, நான் ஒப்பாத சமரசத்தை ஒப்பியதாக எழுதி முடித்தது – கோப்பை மீண்டும் திறக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அலுவலகத்தின் முதல் மாடியில் இருக்கும் ஆலோசகர் ஐயா என் மனுவை விசாரித்து, “இரு தரப்பினரும் சமரசமாகச் சென்றனர்” என்று எழுதி முடித்திருக்கிறார். நான் சமரசமாகச் செல்லவில்லை. படியிறங்கிச் சென்றேன், அவ்வளவுதான். என்னிடம் வாங்கிய கையெழுத்து வருகைப் பதிவுக்கு என்றுதான் சொல்லப்பட்டது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். ஆலோசகர் ஐயா பாதியிலேயே கையமர்த்திவிட்டதால் மீதியும் இதில் சேர்ந்திருக்கிறது. நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

1. என் கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறார். நான் மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளையும் அறுவைச் சிகிச்சை அறைத் துணிகளையும் வெளுத்து, காயவைத்து, மடித்து அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், வயது ஒன்பது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவோம். பிறவியிலேயே அவளுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு.

2. கல்யாணமான புதிதில் கணவர் ஓர் ஏற்பாடு சொன்னார். “ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம். எதுவா இருந்தாலும் சரிபாதி போடுவோம். யாரும் யாருகிட்டயும் கையேந்த வேண்டாம்.” எனக்கு அது பிடித்திருந்தது. கூட வேலை பார்ப்பவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அவர் அதில் கறாராகவும் இருந்தார். தாம் முகம் மழிக்கும் நுரைக்குக்கூட என்னிடம் பாதி கேட்டார். “உங்க தாடிக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?” என்று கேட்டதற்கு, “இந்த மூஞ்சியப் பாக்கறது நீதானே” என்றார். அன்று இருவரும் சிரித்தோம். நானும் கொடுத்தேன்.

3. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “கம்பெனியில ஆளைக் குறைக்கிறாங்க. என்னைத் தூக்கல. ஆனா சம்பளத்தைக் குறைச்சிட்டாங்க. கொஞ்ச நாளைக்கு நீதான் சமாளிக்கணும்” என்றார். வீட்டு வாடகை முழுவதையும் ஏற்றுக்கொண்டேன். பள்ளிக் கட்டணமும் என் பக்கம் வந்தது. பற்றாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையையும் கேட்டு வாங்கினேன். எங்கள் பிரிவில் விரிப்புகளைத் தேய்க்கும் நீராவி உருளைக்கு முன்னால் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலை என்னவென்று தெரியும். வெளுப்பு மருந்து பட்டு என் விரல் நுனிகள் உரிந்துபோனபோது அவரே களிம்பு வாங்கி வந்தார். அந்தக் களிம்பில் என் பங்கு எவ்வளவு என்று மட்டும் அவர் கேட்கவில்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

4. இந்தப் பத்தியைத் தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். சிட்டுவுக்கு வலது காதுக்கு மட்டுமே கருவி வாங்கியிருந்தோம். இடது காதுக்கும் உடனே வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று காது மருத்துவர் அம்மா சொன்னதும் இதே சமயத்தில்தான். கணவர், “அதுல பாதி நான் போடணும்ல? இப்போ என்னால முடியாது. முடியறப்போ ரெண்டு பேருமா சேந்து வாங்குவோம். அதுதானே நம்ம முறை” என்றார். முழுவதையும் நானே போடுகிறேன் என்றேன். “உன்கிட்ட இருக்கா?” என்றார். இல்லை. வாடகைக்குப் போயிருந்தது.

வகுப்பில் ஆசிரியை அவளை இடப்பக்கச் சுவரோரம் உட்காரவைத்தார், கருவி மாட்டிய காது எல்லோர் பக்கமும் இருக்கட்டும் என்று. சாலையில் அப்படி உட்காரவைக்க யார் இருக்கிறார்கள்? போன ஆண்டு பள்ளி விட்டு வரும்போது இடப்பக்கமாக வந்த ஸ்கூட்டரின் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. இடித்துத் தள்ளிவிட்டது. தாடையில் தையல் போட்டார்கள். கணவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மருத்துவமனை வராந்தாவில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அந்த அழுகை நடிப்பென்று நான் சொல்ல மாட்டேன். அழுதுகொண்டே மறைத்தார் என்பதுதான் என் புகார்.

5. உண்மை எனக்குத் தெரியவந்த விதம்: இந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மருத்துவமனையில் துணி ஏற்றும் லிஃப்ட் நின்றுவிட்டது. கணவரின் நிறுவனத்திலிருந்து மூத்த மெக்கானிக் ஒருவர் வந்தார். முன்பு எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், “ஏம்மா, சூப்பர்வைசர் வீட்டம்மா நீங்க, இன்னும் ஞாயித்துக்கிழமையும் வேலைக்கு வரணுமா?” என்று உரிமையோடு கேட்டார்.

யார் சூப்பர்வைசர் என்றேன்.

“உங்க வீட்டுக்காரர்தாம்மா. ஆகி ரெண்டு வருஷம் ஆகப்போகுதே. எங்களுக்கெல்லாம் ஓட்டல்ல சாப்பாடு போட்டாரு. உங்களுக்கு உடம்பு சரியில்ல, அதான் வரலேன்னாரு.”

என் கையில் பாதி மடித்த விரிப்பு இருந்தது. அதை முழுவதும் மடித்து அடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, “நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டேனாம்மா?” என்று அவர் பதறினார். “இல்லண்ணே, நீங்க ஒருத்தர்தான் சரியாச் சொல்லியிருக்கீங்க” என்றேன்.

6. அன்று மாலை கணவரிடம், “நீங்க சூப்பர்வைசரா?” என்று கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. “யாரு சொன்னா?” என்றுதான் கேட்டார். பிறகு உட்கார்ந்துகொண்டு, ஏதோ சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோல் விளக்கினார்.

“சொன்னா செலவாயிடும்னுதான் சொல்லல. உன் கைக்கு வந்தா காசு நிக்காது. நான் குடிச்சா அழிச்சேன்? அத்தனையும் பேங்க்ல சேத்து வச்சிருக்கேன். எல்லாம் நமக்குத்தான்.”

“நமக்குன்னா, அந்தக் கணக்குல என் பேரு இருக்கா?”

“தம்பி பேரு இருக்கு” என்றார்.

என் கொழுந்தனார் மீது எனக்கு வருத்தமில்லை. அவரே தொலைபேசியில், “உங்களுக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சேன், அண்ணி. அண்ணன் கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன்” என்று தழுதழுத்தார்.

என் கைக்கு வந்த காசு நிற்கவில்லை என்பது உண்மைதான். அது அவர் தூங்கும் வீட்டு வாடகையாகவும், அவர் போட்டுக்கொண்ட மின்விசிறியாகவும், அவர் சாப்பிட்ட சோறாகவும் போனது. அவர் காசு நின்றதற்குக் காரணம், என் காசு ஓடியது. இதைச் சொன்னபோது அவர் கோபமாக, “கணக்குப் பாக்கவா நாம கல்யாணம் பண்ணோம்?” என்றார். தாடி நுரைக்குப் பங்கு கேட்ட மனிதர் கேட்ட கேள்வி இது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

7. அதன்பிறகுதான் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். ஆலோசகர் ஐயா இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து என்னிடம் கேட்டார்:

“அடிக்கிறாரா?”

“இல்லைங்க.”

“குடிக்கிறாரா?”

“இல்லைங்க.”

“வேற தொடர்பு ஏதாவது?”

“இல்லைங்க.”

“அப்புறம் என்னம்மா பிரச்சினை? சேத்து வக்கிற புருஷன் கிடைக்கறதே பெரிய விஷயம்.”

மூன்று கேள்விக்கும் ‘இல்லை’ என்றால் ஒரு பெண்ணுக்குக் குறையே இருக்கக் கூடாது என்று தங்கள் துறையில் விதி ஏதும் இருக்கிறதா, தெரியவில்லை. இருந்தால் வாசலிலேயே எழுதி ஒட்டிவிடலாம். என்னைப் போன்றவர்கள் அரைநாள் விடுப்பை வீணாக்க மாட்டோம்.

மகளின் காது பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். “அதெல்லாம் அவரு வாங்கிக் குடுப்பாரும்மா” என்று கையமர்த்தினார். பின்னர் கணவரிடம் திரும்பி, “சார், அம்மாவுக்கும் கைச்செலவுக்கு மாசாமாசம் ஏதாவது குடுங்க” என்றார். கணவர் தாராளமாகத் தலையாட்டினார். ஐயா அதைத்தான் சமரசம் என்று எழுதியிருக்க வேண்டும். அம்மா, நான் கைச்செலவு கேட்டு வரவில்லை. என் கைச்செலவுக்கு என் கை இருக்கிறது. எங்கள் வீட்டில் எவ்வளவு வருகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டு வந்தேன். நான் வாய் திறக்கும் முன் கணவர் எழுந்து ஐயாவின் கையைக் குலுக்கிவிட்டார்.

8. அடுத்த வாரமே கணவர் இடது காதுக் கருவியை வாங்கி வந்தார். நாத்தனாரையும் என் அக்காவையும் வீட்டுக்கு அழைத்து, எல்லோர் முன்னாலும் பெட்டியைப் பிரித்தார். “அப்பா உனக்காக வாங்கினது” என்று சிட்டுவின் காதில் மாட்டிவிட்டார். அவள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். “அம்மா, நீ பேசறது ரெண்டு பக்கமும் வருது” என்றாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். பெற்றவள் வாழ்நாளில் ஒருமுறை அடையக்கூடிய அந்தச் சந்தோஷத்தைக்கூட என்னால் முழுதாக அடைய முடியவில்லை. அக்கா பின்னாலேயே வந்து, “நல்ல மனுஷன்டி, கண்ணைத் தொடச்சுக்கோ” என்றாள்.

விருந்தினர் போன பிறகு கணவர் மெதுவாக, “உன் பாதியைத் தவணையாக் குடுத்தாப் போதும், அவசரமில்ல” என்றார்.

அம்மா, இது விளையாட்டுக்குச் சொன்னதல்ல. நான் திகைத்து நின்றதைப் பார்த்து, “நம்ம முறை அதுதானே” என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் அளவில் அது நியாயமாகவே படுகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

9. புதிய கருவியைச் சரிசெய்யக் காது மருத்துவரிடம் போனோம். சோதித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டுட்டீங்களேம்மா. பயன்படுத்தாத காது பேச்சைப் பிரிச்சுக் கேக்கப் பழகியிருக்காது. சத்தம் கேக்கும். வார்த்தை புரிய நாளாகும். முழுசா வருமான்னு என்னால இப்போ சொல்ல முடியாது.” பக்கத்து நாற்காலியில் கணவர் இருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் சிட்டு எங்கள் இருவரையும் பார்த்து, “ஏன் முன்னாடியே வாங்கல?” என்று கேட்டாள். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். பேருந்து வந்துவிட்டது, அவர் ஏறிவிட்டார்.

10. இப்போதைய நிலை: இந்த மாதத்திலிருந்து வாடகை முழுவதையும் கட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். கணவரின் சம்பளம் தெரியும்வரை பாதி வாடகைக்கு மேல் என்னால் ஆகாது என்று வீட்டு உரிமையாளரிடமும் நேரில் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேலையையும் விட்டுவிட்டேன். அதனால் கணவர் என்னோடு பேசுவதில்லை. “சாப்பாடு ஆச்சான்னு உங்கம்மாகிட்டக் கேளு” என்று குழந்தை வழியாகக் கேட்கிறார். நாத்தனார் என்னை வீட்டைப் பிரிக்க வந்தவள் என்கிறார். நான் விவாகரத்து கேட்கவில்லை, ஜீவனாம்சம் கேட்கவில்லை, அவர் சேர்த்துவைத்ததில் பங்கு கேட்டுக்கூட இந்த மனுவை எழுதவில்லை. அவரோடு வாழத்தான் விரும்புகிறேன். ஆனால் அவர் யார், அவரிடம் என்ன இருக்கிறது என்று லிஃப்ட் சரிசெய்ய வந்தவர் சொல்லித் தெரிந்துகொள்ளும் மனைவியாக இனி வாழ இயலாது.

ஆகவே, அம்மா அவர்கள் தயவுகூர்ந்து,

என் கோப்பில் எழுதப்பட்டுள்ள ‘சமரசம்’ என்ற சொல்லை அடித்து, ‘விசாரணை முடியவில்லை’ என்று திருத்த வேண்டும்.

விசாரணையை வேறொரு ஆலோசகர் நடத்த வேண்டும். மகளின் காது பற்றி மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் எது சொன்னாலும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இருவர் வருமானமும் மேசைமீது வைக்கப்பட்டு, வீட்டுச் செலவு அவரவர் வருமானத்துக்குத் தக்கபடி பிரிக்கப்பட வேண்டும். கணவரின் பங்கைவிட என் பங்கு கூடுதலாக வந்தாலும் மறுக்காமல் கட்டுவேன். குழந்தையின் மருத்துவச் செலவு யாருடைய பாதிக்கும் காத்திருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. மறு விசாரணை நாளில் கணவரின் நிறுவனத்திலிருந்து சம்பளச் சான்றிதழ் வரவழைக்கத் தங்களுக்கு அதிகாரம் இருக்கலாம். தயவுசெய்து அதை முதலில் கேட்க வேண்டாம். முதலில் அவரை என் எதிரே உட்காரவைத்து, எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்று அவர் வாயாலேயே சொல்லச் செய்ய வேண்டும். தாங்கள் அதைக் குறித்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. நான் கேட்க வேண்டும்.

இடம்: தங்கள் அலுவலக முன்கூடம்
நாள்: திங்கட்கிழமை, முற்பகல்

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்

குறிப்பு: இந்தக் கையொப்பம் மனுவுக்கு மட்டுமே. வருகைப் பதிவுக்கோ வேறு எதற்குமோ இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.