பத்தொன்பதாம் தேதியில் பிறந்தவர்கள்

அன்பு மகளுக்கு,

பத்திரிகையில் ‘வரலாற்றில் இன்று’ பகுதியை எழுதுவது நான்தான் என்று உனக்குத் தெரியும். வருகிற பத்தொன்பதாம் தேதிக்குப் போர் முடிந்தது, பாலம் திறந்தது, ஒரு விஞ்ஞானி பிறந்தது எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் உன்னையும் சேர்த்தேன்.

ஆசிரியர் கூப்பிட்டார். “யாருய்யா இது?”

“என் பொண்ணு சார்.”

“என்ன சாதிச்சாங்க?”

அவர் உன் வரியை அடித்துவிட்டார். அதிலிருந்து இருப்புக்கொள்ளாமல் உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன்.

நீ பிறந்த அன்றே அம்மா போய்விட்டாள். இருபத்தாறு வருஷமாக அந்தத் தேதியில் அழுதேனே தவிர, உன்னை ஒருமுறைகூட வாழ்த்தியதில்லை. அதில் உன் தப்பு என்னம்மா இருக்கிறது?

அன்றைக்கு லீவு போட்டுவிட்டேன். காலையில் உன் வீட்டுக்கு வருகிறேன். வாழ்த்துச் சொல்லிப் பழக்கமில்லை; திக்கினால் சிரிக்காதே.

உன் அப்பா