நர்சிங் ஃபாரம் யாருக்கு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நாள் முழுக்க லிஃப்ட்டோடு மல்லுக்கட்டும் நீயும் கைகால் பத்திரமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அவர் ஓட்டுகிற பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்க வேண்டும் என்பது போல. இது உனக்கு மட்டும்.

தங்கச்சி நர்சிங் சேரப் போகிறாள் என்று போன வாரம் அப்பா உன்னிடம் பெருமையாகச் சொன்னாரே, அது உண்மையில்லை. சேர ஆசைப்படுவது நான். லீவு போட்டுவிட்டு நர்சிங் காலேஜில் விண்ணப்பம் வாங்கப் போனேன். ஜன்னலில் இருந்த கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்து, பொண்ணுக்கா மேடம் என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று இன்னும் எனக்கே விளங்கவில்லை. எனக்குப் பின்னால் நம் தெரு தையல்காரம்மா தன் மகளோடு நின்றிருக்கிறார். நான் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அத்தை போன் செய்து, இனிமே என் முட்டிவலிக்கு ஆஸ்பத்திரியே வேண்டாம்டி என்கிறாள். தங்கச்சி மட்டும், ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழற ஆளு நான், என்னைக் கேக்காம எதுக்கும்மா ஃபாரம் வாங்கின என்று குதித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரி டோக்கன் கவுண்டரில் நோயாளிகளின் பெயரும் வயதும் எழுதியே எனக்கு ஒன்பது வருடம் போய்விட்டது. போன மாதம் வரிசையில் நின்ற ஒருவர் என் கண்ணெதிரே சரிந்தார். சிஸ்டர் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், படுக்க வைத்துக் காலை உயர்த்தினார், சற்று நேரத்தில் அவர் கண் திறந்தார். நான் அவருடைய டோக்கனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அதிலிருந்துதான் இந்த எண்ணம்.

சரி, எந்தப் படிப்பு என்று பார்த்தால் அங்கேயும் குழப்பம். உதவி நர்ஸ் படிப்பு இரண்டு வருடம், வீட்டிலிருந்தே போய் வரலாம். பட்டப்படிப்பு நான்கு வருடம், ஹாஸ்டலில் தங்க வேண்டும், முடிக்கும்போது எனக்கு நாற்பத்துமூன்று ஆகியிருக்கும். பெரிய சிஸ்டரிடம் மட்டும் கேட்டேன். எனக்குக் கீழ வேலை பாக்கணும்னா ரெண்டு வருஷம், என் நாற்காலியே வேணும்னா நாலு வருஷம் என்று சிரித்தார். காலையில் எழுந்தால் நான்கு என்று தோன்றுகிறது. அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து உட்காரும்போது அவர் முகத்தைப் பார்த்தால் இரண்டே போதும் என்றாகிவிடுகிறது. எத்தனை புத்தகம் படித்திருக்கிறேன், ஃபாரத்தில் ஒரு கட்டத்துக்குள் டிக் போடத் தெரியவில்லை.

நேற்று தங்கச்சி அலமாரியில் ஃபாரத்தைப் பார்த்திருக்கிறாள். பிறந்த தேதி என்ற இடத்தில் பென்சிலில் என் தேதி. உனக்காம்மா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்பா டிப்போ பூரா சொல்லி வச்சிருக்காரு, சீக்கிரம் நீயே சொல்லிடு, நான் சொல்ல மாட்டேன் என்றாள். அப்பா வேண்டாம் என்று சொல்வாரோ என்ற பயம் எனக்கு இல்லை. சிரித்துவிடுவாரோ என்றுதான்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். புறப்பட்ட அவசரத்தில் நீ நீல ஃபைலை முழுசாக எடுத்துப் போய்விட்டாய், என் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் அதற்குள்தான் இருக்கிறது. இருபத்தெட்டாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், அசலையே அனுப்பு. கணக்கு மார்க்கைப் பார்த்துக் கேலி செய்யாதே. எந்தப் படிப்பு என்று நீ சொல்லவும் வேண்டாம், சொன்னால் அதையே எழுதிவிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடு, உயரத்தில் நிற்கும்போது போனை எடுக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணா.

ஒன்றை மறந்துவிடாதே. எதை அனுப்பினாலும் அப்பா பெயருக்குத்தான் அனுப்புவாய், மார்க் ஷீட் வைக்கும் கவரில் மட்டும் என் பெயரை எழுது. தபால்காரரிடம் வாங்குவது அவர்தான். உனக்கு என்ன வந்திருக்கு என்று கேட்பார். அப்போது சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா