நீலமேகம் என்ற பேர் வேண்டாம்

அரிமளம்
24.5.2025

அன்பு மகள் ரஞ்சிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அமராவதியும் வயிற்றில் இருக்கிற சின்னவனும் சுகமாக இருக்கத் திருமயம் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். தினம் இரண்டு தடவை போனில் முகம் பார்க்கிற அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதி கூரியரில் அனுப்புகிறார் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது ஆத்தா, அதை இந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, பொறுமையாகக் கடைசிவரை படி. வெயில் இந்த வருஷம் மண்டையைப் பிளக்கிறது, கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, பிரசவ லேகியம், உரை மருந்து, பிள்ளையைச் சுற்ற பழைய நூல் சேலை நாலு என்று அங்கே கொண்டுவரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே இருக்கிறாள். நீ மாசமாக இருக்கிற இந்த நேரத்தில் அமராவதியை இடுப்பில் தூக்காதே, நர்ஸ் வேலையில் நைட் டூட்டி கொடுத்தால் முடியாது என்று சொல்லு, அவர்கள் ஒன்றும் தலையைச் சீவிவிட மாட்டார்கள்.

பேர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆணா பெண்ணா என்று கேட்டாலே டாக்டருக்குக் கேஸ், அங்கே அவர்களே ஸ்கேன் பார்த்து ஆண் என்று சொல்லிவிட்டார்கள், நீயும் அக்காள் பேருக்குப் பொருந்துகிற மாதிரி பழைய காலத்துப் பேராக வேண்டும் என்று ஆனந்தராஜ், சத்தியமூர்த்தி, நீலமேகம் மூன்றையும் சொல்லி எது நல்லது என்று கேட்டாய். இப்போது வைக்கிற பேரெல்லாம் மாத்திரை அட்டையில் படிக்கிற மாதிரி இருக்கிறது, என் மகள் அப்படி இல்லை என்று எனக்குப் பெருமைதான். ஆனால் பேர் என்பது சர்டிபிகேட்டில் எழுத மட்டும் இல்லை, வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடுவதற்கு. முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக ஊர்ப் பேரைக் கூவின தொண்டை இது, கூப்பிட்டுப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும், பின் வாசலில் கண்மாயைப் பார்த்து நின்றுகொண்டு அக்காள் தம்பி இரண்டு பேரையும் சேர்த்து ஒரே மூச்சில் கூப்பிட்டேன். அமராவதி, ஆனந்தராஜ், சாப்பிட வாங்க என்றால் வாய் முட்டுகிறது. சத்தியமூர்த்தி என்று முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். அமராவதி, நீலமேகம், சாப்பிட வாங்க என்றேன். கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது, இல்லாத பேரனுக்குச் சோறா என்று உன் அம்மா அடுப்படியில் இருந்து சிரித்தாள். அப்போது கண்மாய்க்குள் இருந்து, வாரேம்ப்பா என்று ஒரு குரல் வந்தது.

சின்னப் பிள்ளைக் குரல் இல்லை, முப்பத்தைந்து வயது ஆளின் குரல், கொஞ்சம் கரகரப்பு. எவனோ ஆடு மேய்க்கிறவன் கேலி பண்ணுகிறான் என்று நினைத்து, யாருடா அது என்று சத்தம் போட்டேன். உன் அம்மா கரண்டியோடு வந்து நின்றாள், முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. ஏங்க, அது ஒங்க குரல் மாதிரியில்ல இருக்கு என்றாள். போடி கிறுக்கி என்றேன். மறுநாள் அதே நேரத்துக்கு, பார்த்துவிடலாம் என்றுதான், அதே மாதிரி கூப்பிட்டேன். வாரேம்ப்பா என்றது, இந்தத் தடவை கண்மாயில் இல்லை, கரைக்கு இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில். வியாழக்கிழமை நான் கூப்பிடவில்லை, உன் அம்மா என்னைக் கேட்காமல் போய்க் கூப்பிட்டாள். வாரேம்மா என்று பாத்ரூம் சுவருக்குப் பின்னால் கேட்டது. சுற்றிக்கொண்டு ஓடினேன், ஒரு ஈ காக்கை இல்லை. உனக்கு என்னைத் தெரியும், முனி இறங்குகிற இடம் என்று எல்லாரும் விலகிப் போகிற புளியமரத்தடியில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டவன் நான். அன்றைக்குப் பட்டப்பகலில் பின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன், உன்னிடம் சொல்ல வெட்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை ரெங்கராஜ் வந்தான். தை மாசம்தான் பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான், கறம்பக்குடிப் பக்கத்து ஆள், நம் குடும்பம் அவனுக்குத் தெரியாது. ஒங்க மகன் வெளிநாட்டுல இருந்து வந்துருக்காருங்களா, மூணு நாளா உச்சி நேரத்துல கண்மாய்க்கரையில இருந்து இங்கிட்டு நடந்து வாராரு, அச்சு அசல் ஒங்க நடை, கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குறாரு என்றான். எனக்கு மகன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை.

இனி எழுதப்போவதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கினவனே நான்தான். நீ எங்களுக்கு முதல் பிள்ளை இல்லை ஆத்தா. உனக்கு முன்னால், எண்பத்தொன்பதில், ஒரு ஆண் பிள்ளை பிறந்தான். நம் வழக்கம் முப்பதாம் நாள் பங்காளிகளைக் கூட்டி வைத்து, நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு, அப்பன்காரன் காதில் மூன்று தடவை பேர் சொல்வது. இருபத்திரண்டாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏங்க, ஒரு பேரைச் சொல்லிருங்க, பேரில்லாம இருக்கான் என்று அழுதாள். நான் பெரிய மனுஷன், முப்பது கழியட்டும், பேரு எங்கிட்டும் ஓடிறாது என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனேன். இருபத்தாறாம் நாள் அவன் போய்விட்டான். நான் பஸ்ஸில் இருந்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் உன் அம்மா பேரைப் போட்டு, உண்ணாமலை ஆண் குழந்தை என்று எழுதிக் கொடுத்தார்கள். கண்மாய்க்கரைக்கு அங்கிட்டு, தாழம்புதர் ஓரம்தான் குழி வெட்டினோம். அதற்குப் பிறகு அவனைப் பற்றி வீட்டில் யாரையும் பேசவிடவில்லை, நான் பாவி.

ரெங்கராஜ் போன பிறகு உன் அம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நீங்க டூட்டிக்குப் போனப்புறம் நானே அவன் காதுல ஒரே ஒரு தடவை சொன்னேன், நீலமேகம்னு, கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தான் என்றாள். முப்பத்தாறு வருஷம் என்னிடமே சொல்லாத பேர். அந்தப் பேரை நீ டப்ளினில் இருந்துகொண்டு எப்படிச் சொன்னாய், உனக்கு யார் சொன்னது என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் சீனித்தண்ணீர் எடுத்துக்கொண்டு அந்தத் தாழம்புதர் ஓரத்துக்குப் போனோம். பங்காளி யாரும் இல்லை, பந்தல் இல்லை. இடம் எனக்கு மறந்துவிட்டது, அவள் நேராகப் போய் நின்றாள். நான் மண்ணில் படுத்து, வாயைத் தரையில் வைத்து மூன்று தடவை சொன்னேன். அதிலிருந்து குரல் இல்லை. ஆனால் அவன் வந்துவிட்டான் என்று உன் அம்மா சொல்கிறாள், மத்தியானம் மூன்று தட்டு வைக்கிறாள். தட்டில் சோறு அப்படியேதான் இருக்கும், டம்ளரில் தண்ணீர் மட்டும் பாதி ஆகிவிடும். வெயிலுக்குச் சுண்டியிருக்கும் என்றேன், அவள் என்னை முறைத்துவிட்டு டம்ளரை மறுபடி நிரப்பி வைத்தாள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம் போய்விட்டது, சாப்பிடும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன்.

அதனால் ஆத்தா, அந்தப் பேர் வேண்டாம். அது உன் அண்ணனுடையது. ஆனந்தராஜ் என்று வை, வாய் முட்டினால் முட்டிவிட்டுப் போகட்டும், கூப்பிடக் கூப்பிடச் சரியாகிவிடும். மாப்பிள்ளையிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்லு. அம்மா ஜூன் பன்னிரண்டாம் தேதி பிளைட்டில் உன் பிரசவத்துக்குக் கட்டாயம் வருவாள், திருச்சி வரை நானே கொண்டுவந்து ஏற்றிவிடுகிறேன். என் டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணச் சொல்லு, கோபப்படாதே. ஒரு தரம் அவனை விட்டுவிட்டுப் போனவன் நான், இன்னொரு தரம் என்னால் முடியாது.

தாயும் பிள்ளையுமாக நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, பெற்றதுகள் இரண்டும் ஆயுசோடும் அறிவோடும் வளர எங்கள் ஆசீர்வாதம். அமராவதிக்கு முத்தம். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். முந்தாநாள் வியாழக்கிழமை, எங்களுக்கு மத்தியானம் ஒன்றரை, உங்களுக்குக் காலை ஒன்பது இருக்கும், அமராவதியைச் சாப்பிடக் கூப்பிடும்போது அந்தப் பேரையும் சேர்த்துக் கூப்பிட்டுப் பார்த்தாயா? நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், யாரும் கூப்பிடவில்லை. என் பக்கத்தில் இருந்து, வாரேன் ரஞ்சிதா என்று குரல் கேட்டது. அதிலிருந்து இரண்டு நாளாக டம்ளரில் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருக்கிறது. அங்கே அவன் வந்தால் பயப்படாதே, உன் கூடப் பிறந்தவன்தான். அப்பா வீட்டில்தான் இருக்கிறேன், சாப்பிடாமல் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பு.

இப்படிக்கு,
உங்கள் இருவரின் அப்பா