மின்னாளின் தொண்டைக்கு ஒன்றுமில்லை

நேற்று நம் ஆட்டத்தின் விதிப் புத்தகத்தைத் திறந்தேன். மந்திரம் போடும் விதிகள் இருக்கும் பக்கத்தில் நீ சிந்திய மிளகாய்ச் சம்பல் கறை அப்படியே இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், நெத்திலி வாசம் வந்தது. வருவதற்கு வழியே இல்லை, நாலு வருஷமாகிவிட்டது. ஆனாலும் வந்தது, என்ன செய்யச் சொல்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை மதியம் வேறு. பிரிக்பீல்ட்ஸ் வெயில் சன்னல் கம்பி வழியாக மேசைமேல் விழுந்து, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. புத்தகத்தை மூட மனமில்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

நீ வரும் நேரம் அது. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி நடந்து, என் மூன்றாம் மாடிப் படியில் ஏறும்போதே உன் சத்தம் கேட்டுவிடும். கிள்ளானை அடுத்த மேருவில், உன் வீட்டுக்குப் பக்கத்து லோரி கம்பெனியில் டிரைவர்களைப் போனில் விரட்டும் வேலை உனக்கு. ஆறு நாள் கத்தியும் ஏழாம் நாளுக்குக் குரல் மிச்சம் வைத்திருப்பாய். "டேய், நாசி லெமாக் ஆறிப் போவுது, கதவத் தொறடா!" எதிர்வீட்டு ஆன்டிதான் முதலில் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்.

மேசையில் நாம் நாலு பேர். நடுவில் கோடு போட்ட வரைபடம், சின்னப் பொம்மைகள், பகடைகள். நீங்கள் மூவரும் கதையில் ஆளுக்கொரு பாத்திரம். நான் கதையை நடத்துகிறவன், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்கிறவன். முபாரக் வாள்வீரன், மந்திரமே வராத வகை, அதில் அவனுக்கு ரொம்ப நிம்மதி. கவிதா பூசாரி, அவளுக்கு மந்திரத்தைச் சாமி கொடுக்கும். நீ எடுத்ததோ மந்திரக்காரி. ஏட்டைப் படித்து, தினமும் விடியலில் அன்றைக்கு வேண்டிய மந்திரங்களை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். போடப் போட அவை தீர்ந்துபோகும். இது கஷ்டம், நீயும் பூசாரியாகவே இரு என்றேன். "சாமி பாத்துக் குடுக்குறதெல்லாம் எனக்கு வேணாம்லா. நானே படிச்சு எடுத்தாதான் என்னுது," என்றாய். அந்த மந்திரக்காரிக்கு மின்னாள் என்று பெயரும் வைத்தாய்.

மந்திரத்துக்கு வாய்ச்சொல் வேண்டும், கைச்சைகை வேண்டும், ஏதாவது ஒரு பொருள் வேண்டும் என்கிறது புத்தகம். அது போதாதென்று நீ ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாய். 'மந்திரம் போட்டேன்' என்று சும்மா சொல்லிவிட்டுப் போகக் கூடாது. சொல்லை அங்கேயே தமிழில் கட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கவிதா திருதிருவென்று விழிப்பாள். நீயோ கண்ணை மூடிக்கொண்டு, "ஆத்துக்கு அடியில தூங்குற நெருப்பே, எந்திரி, வேல கெடக்கு" என்பாய். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் என் வீட்டுக் கூடம் கொஞ்ச நேரத்துக்கு வேறு எங்கோ இருக்கும்.

ஒருமுறை கதையில் கொள்ளையர்கள் மின்னாள் வாயில் துணியை அடைத்தார்கள். சொல் இல்லை, அதனால் மந்திரம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன். அப்பப்பா, ஒரு மணி நேரச் சண்டை! "மொனகுறேன்ல? மொனகுனா அது சொல்லு இல்லையா?" என்று புத்தகத்தைப் பிடுங்கினாய். சம்பல் சிந்தியது அப்போதுதான். பக்கத்தை மூன்று முறை படித்துவிட்டு, "சரி. ரூல்னா ரூல்" என்று அடங்கிப்போனாய். தோற்றாலும் நியாயமாகத் தோற்க வேண்டும் உனக்கு.

பிறகு உன் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். நீ திரும்பி வர மூன்று மாதம் ஆனது. அந்த ஞாயிறு படியில் சத்தமே இல்லை. கதவு தட்டும் ஒலி மட்டும் கேட்டது. கழுத்தில் சின்னத் துணி, கையில் போன். நானோ உனக்காக ஒரு வாரம் யோசித்து ஒரு பரிசு தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாரும் உட்கார்ந்ததும் பெருமையாக அறிவித்தேன்: மின்னாளுக்குத் தேவதை ஒருத்தி வரம் கொடுத்திருக்கிறாள், இனி அவளுக்குச் சொல்லே தேவையில்லை, மௌனமாகவே மந்திரம் போடலாம்.

கவிதா கண்ணைத் துடைத்தாள். நீ போனில் எதையோ தட்டி என் பக்கம் திருப்பினாய். "வெட்டுனது என் தொண்டைய. அவ தொண்டைய யாரு வெட்டச் சொன்னா?" பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாய்.

எனக்கும் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. நல்லது செய்யப் போய் இப்படியா என்று முபாரக்கிடம் புலம்பினேன். இரண்டு வாரம் என் செய்திகளை நீ திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம்தான் பயம் பிடித்தது. நீ இனி வரவே மாட்டாய் என்கிற பயம்.

மேருவுக்கு வந்து உன் வீட்டு வாசலில் நின்றேன். கேட்டைத் திறக்காமலேயே எழுதிக் காட்டினாய். "ஆபீஸ்ல எனக்குப் பதிலா ஒருத்தன் பேசுறான். கிளினிக்ல தம்பி பேசுறான். கடையில தம்பி பொண்டாட்டி பேசுறா. மின்னாள் ஒருத்திதான் தானே பேசிக்கிட்டு இருந்தா. அதையும் நீ புடுங்கிட்ட." கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "வரத்த திருப்பி எடுத்துக்குறேன். நீ சொல்ற மாதிரி ஆடுவோம்," என்றேன். கேட்டைத் திறந்தாய்.

அதன் பிறகு ஆடியது உன் தீர்ப்புப்படிதான். நீ வாயசைத்துச் சொல்வாய், முழுச் சொல்லாக, ஒன்றும் விடாமல். நாங்கள் உன் உதட்டைப் பார்க்க வேண்டும். கதைக்குள் எதிரொலிப்பது மின்னாள் குரல். அது எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டும். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு தானாக வந்தது. அவள் குரல் பாறையில் பட்டுத் திரும்புகிறது என்பேன், வௌவால்கள் கலைகின்றன என்பேன், மலைக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவன் நிமிர்ந்து பார்க்கிறான் என்பேன். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாய். அந்த மதியங்களை இப்போது நினைத்தால் நிஜமா கனவா என்றே தெரியவில்லை. சத்தமே இல்லாத மேசை, ஆனால் காதெல்லாம் ஒரு பெண்ணின் குரல்.

நோய் நுரையீரலில் திரும்பி வந்தது. கடைசி ஆட்டத்துக்கு நாங்கள் மூவரும் உன் வீட்டுக்கு வந்தோம், கட்டிலோடு மேசையைச் சேர்த்துப் போட்டோம். கடைசி என்று யாரும் சொல்லவில்லை. கதையில் அன்றைக்கு எதிரி நிசப்த வட்டம் போட வேண்டும், முன்பே எழுதி வைத்தது. அதற்குள் நிற்பவர் வாயிலிருந்து எந்த ஒலியும் வராது. அந்த வரியைத் தாண்டிவிடலாம் என்று என் விரல் தாளைப் புரட்டப் போனது. நீ என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

புரட்டவில்லை. வட்டத்தைப் போட்டேன். மின்னாளால் பேச முடியாது என்றேன். உன் முகம் மலர்ந்துவிட்டது. பொம்மையை எடுத்து ஒவ்வொரு கட்டமாக வெளியே நடத்தினாய். அம்பு பட்டது, நடந்தாய். இன்னொன்று பட்டது, உயிரில் ஒரே புள்ளிதான் மிச்சம், அப்போதும் நடந்தாய். முபாரக் நகத்தைக் கடித்தான். வட்டத்தின் கோட்டைத் தாண்டி பொம்மையை வைத்துவிட்டு வாயைத் திறந்தாய்.

நீ சொன்னதிலேயே நீளமான மந்திரம் அது. முதல் சொல் 'வா' என்று தெரிந்தது. அதற்குமேல் உன் முகத்தைப் பார்த்தால் உடைந்துவிடுவேன் என்று தாளில் குனிந்துகொண்டேன். பிறகு வழக்கம்போலக் குரலை விவரித்தேன், கோட்டையே அதிர்ந்தது என்றேன். நீ கண்ணைத் திறந்து எழுதினாய்: "நா சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றேன். நீ நிம்மதியாகப் படுத்துக்கொண்டாய். இரண்டு வாரத்தில் போய்விட்டாய்.

உன் உதட்டையே பார்த்திருந்த கவிதாவைக் கேட்டால் நீ சொன்னது என்னவென்று தெரிந்துவிடும். கேட்கவில்லை. உன்னிடம் பொய் சொன்னதை அவளிடம் எப்படி ஒப்புக்கொள்வது? இப்போதெல்லாம் எவர் பேசினாலும், என்ன ஆனாலும், குனிவதில்லை, முகத்தையே பார்க்கிறேன். பெடரல் ஹைவேயில் வண்டிகள் ஊரும்போது 'வா' என்று சத்தமில்லாமல் வாயைத் திறந்து, அடுத்து உன் உதடு எப்படிப் போயிருக்கும் என்று அசைத்துப் பார்க்கிறேன். என்னென்னவோ வருகிறது, எதுவும் நீ சொல்வது மாதிரி இல்லை.

எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ இன்னொரு தரம் சொல்லியிருப்பாய்.