முகத்துவாரத்தில் புழு இல்லாத மழைக்காலம்

ஆகஸ்ட் 19, 1991

சேரப்பணஞ்சேரியில் ஐந்தரை மணி பஸ். தாம்பரத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, அடையாற்று முகத்துவாரம் போய்ச் சேர ஒன்பதாகிவிட்டது. எதற்கு? சேற்றை அள்ளி, சல்லடையில் கழுவி, மிஞ்சும் புழுவை எண்ண. இதற்குத்தான் எம்.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு.

மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீரின் உப்பும் அடிமண்ணும் மாறும்போது அங்கே வாழும் பிராணிகள் என்ன ஆகின்றன என்பது என் ஆராய்ச்சி. கைடு நரசிம்மன் சார் இன்றும் கரையிலேயே நின்றார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு “வெரிகுட், வெரிகுட்” என்றார். சேற்றுப் பிராணிகளில் பெரிய நிபுணராம். செருப்பில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது.

ஓர் அள்ளலுக்கு நாற்பத்தாறு புழு, ஒன்பது மட்டிச் சிப்பி.

செப்டம்பர் 16

ஐம்பத்திரண்டு. மட்டி எட்டு. படகுக்காரர் கன்னியப்பனுக்கு வாய் ஓயவில்லை. எந்தப் புழுவுக்கு எந்த மீன் மாட்டும் என்று எனக்குப் பாடம். நான் கேட்டேனா?

அக்டோபர் 2

அண்ணன் வெங்கடேசன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஆரம்பித்துவிட்டான். “சுங்குவார்சத்திரத்துல எங்க கம்பெனி லேபுக்கு ஆள் எடுக்கிறாங்க. நீ புழு எண்ணிகினு எத்தினி நாள் ஓட்டுவ?”

ஓவர்டைமைத் தவிர உலகத்தில் வேறொன்று இருப்பதே இவனுக்குத் தெரியாது. ஆனால் டிசம்பர் கருத்தரங்கில் என் பேச்சு எடுபட்டால்தான் உதவித்தொகை இன்னொரு வருஷம் நீளும். இல்லையென்றால் அந்த லேப்தான். செத்தாலும் போகமாட்டேன்.

நவம்பர் 18

எங்கள் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்து ஆற்றில் வெள்ளம். ஊர்ச் சாக்கடை முழுக்க அதில்தான். அந்தத் தண்ணீரில் நான் கை வைப்பேனா? வீட்டுக் கிணற்றிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் கொண்டுபோய் சல்லடையில் சேற்றை அதிலேயே கழுவினேன். பளிச்சென்று இருந்தது.

கன்னியப்பன் பதறினார். “நல்ல தண்ணி ஊத்தாதமா. அதுங்க உப்புல கீற ஜீவன், தாங்காது.”

“ஆறே இப்போ நல்ல தண்ணிதானே?”

“அது மேலாக்க ஓடுதுமா. அடியில உப்பு அப்டியேதான் கீது.”

பள்ளிக்கூடத்தையே எட்டிப் பார்க்காதவர் எனக்கு உப்பைப் பற்றிச் சொல்கிறார். முகத்துக்கு நேராகவே சிரித்துவிட்டேன்.

மூன்று புழு. மட்டி ஏழு. வெள்ளம் புழுவைக் கொன்றுவிட்டது; மட்டி ஓட்டை மூடிக்கொண்டு தப்பித்தது. எவ்வளவு தெளிவான முடிவு!

டிசம்பர் 4

வரைபடம் தயார். செப்டம்பரில் மலை, நவம்பரில் பள்ளம். சாருக்கு ஒரே சந்தோஷம்.

டிசம்பர் 13

நேற்று கருத்தரங்கில் காட்டுவதற்காகக் கொஞ்சம் சேறு எடுத்தபோது, சேறு அள்ளும் கிராப்பின் பல்லில் ஒரு புழு உயிரோடு ஒட்டியிருந்தது. ஆற்றுத் தண்ணீரோடு கிண்ணத்தில் போட்டு லேபுக்குக் கொண்டுவந்தேன். தண்ணீர் குறைவாக இருந்தது. கேனில் மிச்சமிருந்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றி லென்ஸில் பார்த்தேன்.

உப்பியது. இன்னும் உப்பியது. பிறகு வெடித்துத் துண்டு துண்டாகப் போனது.

அந்தத் துண்டுகள் சல்லடைக் கண்ணில் நிற்குமா? நிற்காது.

நவம்பரில் எடுத்து வைத்து, சோதிக்காமலே விட்ட அடித்தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். சோதித்தேன். கடலில் பாதி உப்பு. அடியில் உப்பு அப்படியேதான் இருந்திருக்கிறது — அந்த ஆள் சொன்ன மாதிரியே.

வெள்ளம் கொல்லவில்லை. நான் கொன்றேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரால். சீ! என்ன திமிர் எனக்கு!

டிசம்பர் 16

சாரிடம் சொல்லிவிட்டேன். வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். “இதப் போய் யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காதீங்க, இசைவாணி. கர்வ் அழகா வந்திருக்கு.”

சேற்றில் கால் வைக்காத மனுஷனுக்கு எல்லாமே அழகுதான். த்தூ. கருத்தரங்கில் எழுந்து நின்று உண்மையைச் சொல்லப்போகிறேன்.

டிசம்பர் 20

பேசினேன். வரைபடத்தைக் காட்டினேன். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, மழைக்காலத்தில் புழுக்கள் எப்படிச் சாகின்றன என்று கேட்டார். “நல்ல தண்ணீர் பட்டதும் உடல் உப்பி வெடித்துவிடும், கண்ணால் பார்த்தேன்” என்றேன். அது எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்பதை மட்டும் சொல்லவில்லை. கைதட்டினார்கள்.

உதவித்தொகை நீள்கிறது. அம்மா சர்க்கரைப் பொங்கல் செய்தாள். தட்டை அண்ணன் பக்கம் தள்ளிவிட்டேன்.

டிசம்பர் 30

கேன் கொண்டுபோகவில்லை. கன்னியப்பன் ஆற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிச் சல்லடையில் ஊற்றினார்.

“இன்னாமா, மீட்டிங்ல நம்ம புழுவப் பத்தி சொன்னியா?”

“சொன்னேன்.”

“மழைக்கெல்லாம் சாவாதுன்னு சொன்னியா?”

தலையை ஆட்டினேன். அவருக்கு முகமெல்லாம் பெருமை. தானே குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தார். இரண்டு முறை எண்ணினேன். நாற்பத்து மூன்று.

நோட்டில் டிசம்பருக்கு நேரே மூன்று என்று எழுதினேன்.