அவரா, அவனா

9/1 வெள்ளி
விடியப் பிடித்த மழை. பிள்ளைகளின் உடுப்பு ஒன்றும் காயவில்லை. மேன்முறையீட்டுக்குப் பதினான்கு நாள், நான்கு போய்விட்டது.

தீர்ப்பு: இவருடைய அண்ணன் காக்கா, என் மனுசன் இவர், கூடப் போன மச்சான், மூவருக்கும் கொல்லும் ஒரே எண்ணமாம். மூவருக்கும் மரண தண்டனை. வெட்டிய மண்வெட்டி காக்காவின் கையில். இவர் வெறுங்கை. "புடிங்க, விடாதங்க" என்று கத்தினாராம், அதுதான் குற்றம். வயல் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் ஓர் உயிர்! நினைத்தால் இவர்மேலேயே ஆத்திரம்.

12/1 திங்கள்
சட்டத்தரணியிடம். குடையை பஸ்ஸில் விட்டாயிற்று. தீர்ப்பு ஆங்கிலத்தில். "செத்த ஆளப் புடிக்கச் சொன்னதெண்டு எழுதிருக்கு" என்றார். தமிழில் பதிந்த சாட்சியத்தை வாங்கி நானே வாசித்தேன்.

"அவரப் புடிங்க, விடாதங்க."

அவரை! செத்தவன் இவரைவிட ஐந்து வயது இளையவன். இவர் வாயில் என்றைக்கும் 'அவன்'தான். காக்காவை மட்டும் கனவிலும் 'அவர்'. மனுசன் காக்காவைத் தடுக்கத்தான் கத்தியிருக்கிறார். விசாரணையில் ஏன் வாய் திறக்கவில்லை? காக்காவுக்காக. வேறென்ன.

சட்டத்தரணி எழுந்தே நின்றுவிட்டார். "இங்கிலீசில ரெண்டுக்கும் ஒரே சொல்லுதானே!" பிறகு மெதுவாக: "இவருக்குத் தனி மனு போடணும். காக்காட பக்கம் மோசமாகும். இவர் கையெழுத்து வைப்பாரா?"

14/1 புதன்
வாங்க: சீனி, சவர்க்காரம், இவருக்குப் பனியன்.
மாமியிடம் சொன்னேன்.
"ரெண்டும் நான் பெத்த புள்ளகள் மகள். ஒண்டத் தள்ளிட்டு ஒண்ட எடுக்கச் சொல்றியா?"
கறி தீய்ந்தது.

17/1 சனி
சிறை. திங்களோடு தவணை முடிகிறது. கம்பி வலைக்கு அப்பால் இவரும் காக்காவும் பக்கத்தில் பக்கத்தில். மனு காவலர் கையில். எல்லாம் சொன்னேன். இவர் என் முகத்தையே பார்க்கவில்லை.

"நான் எல்லாரையும் அவர் எண்டுதான் சொல்லுவன். வெட்டுப்பட்டு மௌத்தானவரையும்தான். கடதாசியக் கொண்டு போ."

பச்சைப் பொய். அழுகையும் கோபமும் ஒன்றாய் வந்தன. "ஓம், நல்லா இருங்க" என்று எழுந்தேன்.

"இஞ்ச, புள்ள," என்றார். செத்தவனின் வீடு எங்கள் தெருவில்தான். "அவன்ட உம்மா எப்பிடி இருக்கா?"

அவன்ட. சொன்னவருக்கு உறைக்கவில்லை. காக்காவுக்கு உறைத்தது. காவலரிடம் பேனையைக் கேட்டு வாங்கி, இவர் கையில் வைத்தார்.